நாலாவது கேள்வி

அவளை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கெம்பஸில், எங்களுக்கு இரண்டாம் வருடம். நூலகத்தில் நாலு நிறப் பேனாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உயிர் இரசாயனவியல் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் கையை நீட்டி அந்தப் புத்தகத்தை மூடினாள்.

"இப்ப சொல்லுங்க பாப்போம்."

"என்னத்த?"

"இவ்வளவு நேரம் பச்சையும் மஞ்சளுமா போட்டீங்களே, அதத்தான். குளுக்கோஸ் செல்லுக்குள்ள போயிருச்சு. அப்புறம் என்னா ஆகுது?"

இரண்டு படி சொன்னேன். மூன்றாவதில் வாய் நின்றுவிட்டது. ஒரு மணி நேரமாக அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

"பாத்துக்கிட்டே இருந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதாங்க இருக்கும். மூடுனாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் முன்னால் புத்தகம் எதுவும் இல்லை. ஒரு வெற்றுத்தாளும் பேனாவும்தான் இருந்தன. எனக்கு வந்த கோபத்தில் இடத்தை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

இருவரும் இலங்கை மலையகம்தான். என் அப்பாவுக்கு ஹட்டன் பஜாரில் துணிக்கடை. அவள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கான வரிசை வீடுகளான லயத்தில், ஒரு காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். அதனாலோ என்னவோ, ஒரே வயதாக இருந்தும் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். எத்தனை தடவை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. தோட்டத்தில் அவளுக்குப் பெயரே போய்விட்டிருந்தது. கிழவர் முதல் குழந்தை வரை எல்லோருக்கும் அவள் 'கெம்பஸ் புள்ள'.

அந்தத் தவணைச் சோதனையில் நான் அனுசேபத்தில் தவறினேன். சாப்பிட்ட சோறு உடம்புக்குள் எப்படியெல்லாம் உருமாறிச் சக்தியாகிறது என்கிற பாடம் அது. அம்புக்குறிமேல் அம்புக்குறி, ஒவ்வொரு அம்புக்கும் ஒரு நொதியத்தின் பெயர். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு விரிவுரையாளர் அதை ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிக்கொண்டு போவார். வகுப்பில் பாதிப் பேர் தவறினோம். அவள் முதலாவதாக வந்தாள். பெருமையை விழுங்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

"நாளைக்கு காலையில வாங்க. பேனாப்பெட்டி வேணாம்" என்றாள்.

அவள் படிக்கிற முறை விசித்திரமாக இருந்தது. பெயர்களை முதலில் தொடவே மாட்டாள். எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது, இந்த இரண்டை மட்டும் எழுதுவாள். பிறகு ஒவ்வொரு பாதைக்கும் நாலு கேள்வி. எங்க நடக்குது? எப்ப நடக்குது, சாப்பிட்ட பொறகா பட்டினியிலயா? கதவத் தொறக்கிறது யாரு? அடைச்சா என்னா ஆகும்?

நாலாவது கேள்விதான் அவளுக்கு உயிர். "அடைச்சா என்னா ஆகும்னு சொல்லிட்டீங்கன்னா மத்த மூணும் தானா வரும்ங்க" என்பாள்.

புத்தகத்தை ஒருமுறை வாசிப்பாள். மூடுவாள். வெற்றுத்தாளில் முழுப் பாதையையும் எழுதுவாள். திறந்து, பிழையான இடத்தில் மட்டும் வட்டம் போட்டு, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதுவாள். குறிப்புக் கொப்பி என்று ஒன்று அவளிடம் இருந்ததேயில்லை. எழுதி வைத்தால் தாளுக்குத் தெரியும், தலைக்குத் தெரியாது என்பது அவள் கட்சி. எங்கள் கடையில் மிஞ்சிய பழைய கலண்டர்களை அவளுக்காகக் கட்டிக் கொண்டுவருவேன். முதுகுப்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதற்காக.

படித்ததோடு விடவும் மாட்டாள். மூன்று நாள் கழித்துச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வரும். "செவ்வாக்கிழம படிச்சோமே, யூரியா. சொல்லுங்க." பருப்புக் கறிக்கு முன்னால் நின்று நான் யூரியாவைச் சொல்வேன். வரிசையில் நிற்கிற சிங்களப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த தவணையில் எனக்கு நல்ல புள்ளிகள் வந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். தலைக்குள் அவ்வளவு தெளிவாக இருந்தவள் கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்பதில்லை. ஒரு வருடத்தில் மூன்று குடைகளைத் தொலைத்தாள். எதிரே வருகிற என்னைக் கவனிக்காமல் உதட்டை அசைத்துக்கொண்டே தாண்டிப் போவாள். "என்னைத் தெரியலியா?" என்று கேட்டால் திடுக்கிட்டுச் சிரிப்பாள். அப்போது எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வருடம் மாணவர் பகிஷ்கரிப்பு வந்து கெம்பஸை மூடினார்கள். பரீட்சை தள்ளிப்போனது. கடை வீட்டில் எனக்குப் படிக்க முடியவில்லை. ஆள் வருகிற சத்தம், துணி கிழிக்கிற சத்தம். அவள் வீட்டுக்குப் போய் ஒரு நாலு நாள் இருந்து படித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"லயத்துலயா போய்த் தங்கப் போற? அவங்களுக்கே எடம் இருக்காதே" என்றார் அப்பா.

"நாலு நாள்தானப்பா."

அம்மா ஒரு கம்பளியும் இரண்டு பைக்கற் பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்தாள்.

இரண்டு சிறிய அறைகள், முன்னால் இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்கிற ஒடுக்கமான தாழ்வாரம். அவ்வளவுதான் வீடு. அப்பா இல்லை, அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே இறந்துவிட்டார். அம்மாவும் தங்கச்சி மாலாவும் கொழுந்து பறித்தார்கள். மாலாவுக்குப் பத்தொன்பது வயது. ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். "ரெண்டு பேரும் படிக்க ஏலாதும்மா, அக்கா படிக்கட்டும்னு அவளாவே கூடையத் தூக்கிட்டா" என்று அவர்கள் அம்மா என்னிடம் சொன்னார். மாலா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வருத்தம் தெரிகிற சிரிப்பல்ல அது.

முதல் நாளே மாலாவிடம் ஒன்று கவனித்தேன். என் பையை வாங்க அவள் கிட்டே வந்தபோது மூச்சில் இனிப்பாக ஒரு வாசம். கனிந்து கொஞ்சம் மிஞ்சிப்போன பழத்தின் வாசம்.

"பேரிக்கா சாப்பிட்டியா மாலா?"

"இந்த மாசத்துல பேரிக்கா ஏதுக்கா?" என்று சிரித்தாள். வாசலில் நின்ற அவள் அக்காவுக்கும் அது கேட்டது. நானும் விட்டுவிட்டேன்.

மாலா எங்களுக்கு ஒரு வேலை செய்தாள். ஆங்கிலம் அவளுக்கு முழுசாகப் புரியாது, ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். மலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நாங்கள் மூடிய கண்ணோடு சொல்லச் சொல்ல அவள் விரல் வரிவரியாக நகரும். ஒரு பெயர் விடுபட்டால் "தப்பு" என்பாள். அதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். இடையிடையே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். செம்பைச் சாய்த்து மூச்சுவிடாமல் குடிப்பாள். வெளியே போய்விட்டு வருவாள். மறுபடியும் செம்பு.

"என்னாடி மெலிஞ்சுட்டே போற?" என்று பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தி கேட்டாள். மாலாவின் சட்டை தோளில் தொங்கியது. "கல்யாணத்துக்கு ஆள் பாக்கறாங்கள்ல, அதான்" என்றாள் மாலா.

அந்த நாலு நாளும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குத் தலைசுற்று. கெம்பஸில் படிக்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. அவள் ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னாள். "நான் டாக்டருக்குப் படிக்கலீங்க மாமா. இது வேற படிப்பு. டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டுங்க." சொல்லிச் சொல்லி அது அவள் வாயில் பாடமாகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, வேலைக்குப் பெயர் கொடுக்க யாரும் ஓட வேண்டியதில்லை. மூவரும் இஸ்தோப்பில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அன்றைய பாடம் இன்சுலின். நான் பரீட்சகர். நாலாவது கேள்வியைக் கேட்டேன்.

"இன்சுலினே இல்லேன்னா?"

அவள் எதிர் லயத்துத் தகரக் கூரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். மாலாவுக்கும் விளங்க வேண்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

"ரத்தத்துல சீனி நெறைய இருக்கும். ஆனா செல்லுக்குள்ள போகாது. வெளிய அவ்வளவு இருந்தும் உள்ள பட்டினி. ஒடம்பு என்னா செய்யும், கொழுப்ப எடுத்து எரிக்கும். ஈரல் அத கீட்டோனா மாத்தி விடும். ரத்தம் புளிச்சுப் போகும்."

"அப்புறம்?" என்றாள் மாலா, விரலை நகர்த்தியபடி.

"சீனி மூத்திரத்துல போகும். போறப்ப தண்ணியையும் இழுத்துக்கிட்டு போகும். அதனால தாகம். எவ்வளவு குடிச்சாலும் தாகம். ஆளு மெலிஞ்சு போகும். மூச்சுல பழ வாசம் அடிக்கும். கடைசியில வயித்து வலி, வாந்தி, மூச்ச இழுத்து இழுத்து விடுவாங்க. அப்புறம் நெனவு தப்பிரும்."

மாலாவின் விரல் நின்றது.

"அக்கா, எனக்கும் இப்படித்தான் தாகமா இருக்கு. தூங்கவும் முடியல, நாலஞ்சு தடவ எந்திரிக்கிறேன்."

"முந்தாநாள் வைட்டமின் படிச்சப்ப மாலைக்கண்ணு இருக்குன்னு சொன்னே" என்றாள் அவள். கண்ணைக் கூரையிலிருந்து எடுக்கவில்லை. "மலை ஏறி எறங்குறவளுக்குத் தாகம் எடுக்காதா? நான் எதையாச்சும் விட்டேனா, அத சொல்லு."

நான் சிரித்தேன். மாலாவும் சிரித்தாள். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணும் விடலக்கா. எல்லாம் சரி."

பழ வாசம் என்ற சொல் காதில் விழுந்தபோது எனக்கு ஏதாவது தட்டுப்பட்டதா? இத்தனை வருடமாக யோசிக்கிறேன். பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நிழல் தாண்டுவது போல ஒன்று தாண்டிப் போயிருக்கும். ஆனால் அடுத்தது என் முறை. நான் ஒப்புவிக்க வேண்டிய பாதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் கிளம்பியபோது மாலாதான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை வந்தாள். சின்ன ஏற்றம்தான். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். "கூடையை விட ஒங்க புத்தகம் பாரமா இருக்குக்கா" என்றாள்.

நான் வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் காலையில் கடைக்கு அந்தத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் கோடித்துணி வாங்க வந்தார். யாருக்கு என்று அப்பா கேட்டார். கொழுந்து எடுக்கிற பிள்ளை, பத்தொன்பது வயது, வயிற்று வலி என்று ஒரே நாளில் போய்விட்டது என்றார் அவர். கெம்பஸ் புள்ளையோட தங்கச்சி என்றார். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது.

இழவு வீட்டில், நடந்ததை அவர்கள் அம்மா அழுகையோடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்று வலியும் வாந்தியும் வந்தபோது கண்டதைச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தார்களாம். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா உள் அறையில் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மத்தியானம் மாலா மூச்சை இழுத்து இழுத்து விடத் தொடங்கிய சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. அப்போதுதான் அவள் எழுந்து வந்திருக்கிறாள். தங்கச்சியின் முகத்துக்குக் கிட்டே குனிந்தாளாம். "எனக்குத் தெரியும்மா, இது எனக்குத் தெரியும்மா" என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாளாம் லொறி கேட்க. லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அது திரும்பி, மாலாவை ஏற்றி, அந்த ரோட்டில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது நினைவு தப்பிவிட்டது. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அவள் என்ன நோய் என்று சொல்லியிருக்கிறாள். ஊசி போட்டார்கள், தண்ணீர் ஏற்றினார்கள். மாலா விடியும்வரை இருக்கவில்லை.

நான் போனபோது அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"வாசம் புடிச்சது நீ. வரிசையா சொன்னது நானு. கேட்டது அவ."

என்னை அவள் 'நீ' என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்று வாரத்தில் கெம்பஸ் திறந்தது. அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். பரீட்சைத் தாளைத் திருப்பினேன். இரண்டாவது கேள்வியே அதுதான்: இன்சுலின் இல்லாதபோது உடலில் நடக்கும் மாற்றங்களை விளக்குக. அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதும் வசதி இருந்தது. நான் விட்டேன். தலையைத் திருப்பி அவளைப் பார்க்கத் துணிவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து நின்று மேலதிகத் தாள் கேட்கிற குரல் கேட்டது.

வெளியே வந்து நின்றோம்.

"ரெண்டாவது எழுதுனீங்களா?" என்று கேட்டாள். பழையபடி 'நீங்க'.

"இல்ல."

"நான் எழுதுனேன். ஒரு எடத்துலயாச்சும் கை நிக்கும்னு பாத்தேன். நிக்கவே இல்லங்க. ஒண்ணும் விடல."

அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது துக்கமல்ல. தன் கையைப் பார்த்துப் பயந்த மாதிரி இருந்தாள்.

அந்தத் தாளுக்கு அவளுக்குத்தான் அதிகப் புள்ளி. அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்தாள். விபரம் தெரியாதவள். இவள் மரம் மாதிரி நின்றாள்.

அதன்பிறகு வேறொரு ஆளாகிவிட்டாள். உதடு அசைவது நின்றது. மனிதர்களைப் பார்க்கத் தொடங்கினாள். சாதாரணமாகப் பார்ப்பது அல்ல. விடுதியில் யார் எத்தனை தடவை தண்ணீர்ப் போத்தலை நிரப்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கிட்டே வருவாள், மிகவும் கிட்டே. மூச்சை முகர்கிறாள் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் அருவருத்து விலகினார்கள். "அவளோட கூட்டாளி நீதான, சொல்லி வை" என்று என்னிடம் வந்தார்கள். நான் சொல்லவில்லை. எனக்கும் அவள் கிட்டே வரும்போது உடம்பு கூசியது. அவள் என்னைத்தான் முகர்கிறாளா, அல்லது நான் அன்றைக்கு முகர்ந்ததை நினைக்கிறாளா என்று தெரியாது.

இறுதி வருடத்தில் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு சின்னப் போத்தலில் பெனடிக்ட் கரைசல் கொண்டுபோனாள். நீல நிறத் திரவம். சிறுநீரோடு சேர்த்துச் சூடாக்கினால், சீனி இருந்தால் செங்கல் நிறமாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்கிற சோதனைதான். விடுமுறையில் அதையும் ஒரு ஸ்பிரிட் விளக்கையும் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் லயம் லயமாகப் போனாளாம். இளைத்த பிள்ளைகள், தண்ணீர் கேட்கிற பிள்ளைகள், எல்லோரிடமும் சிறுநீர் கேட்டு ஒரு தகரப் பேணியை நீட்டினாளாம். சிலர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். "தங்கச்சி போனதுல கெம்பஸ் புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்ற பேச்சு ஹட்டன் கடைவரை வந்தது. அப்பா என்னிடம் அதைச் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

படிப்பு முடிந்ததும் நாங்கள் பிரிந்தோம். அவள் ஒரு தோட்டப்புற மகா வித்தியாலயத்தில் விஞ்ஞான டீச்சராகப் போனாள். நான் கல்யாணம் முடித்து, ஹட்டனிலேயே ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழெட்டு வருடம் ஒரு கடிதமும் இல்லை. அவளைத் தேடிப் போக எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. போகவில்லை.

இரண்டாயிரம் கடந்து சில வருடங்கள் ஆன பிறகு, ஒரு காலை, வேலைக்கு வந்து வெள்ளைக் கோட் மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அவள். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பள்ளிச் சீருடை அந்தப் பிள்ளையின் உடம்பில் தொங்கியது. அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. நலம் விசாரிக்கவில்லை.

"செங்கல் கலரு வந்திருச்சு. ஒடனே பாருங்க" என்றாள்.

ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அந்தப் பிள்ளையின் மூச்சு என் முகத்தில் பட்டது. பேரிக்காய். நரம்பைத் தேடி இரத்தம் எடுத்தேன். முடிவு வரும்வரை அவள் உட்காரவில்லை. எண்ணைப் பார்த்ததும் தாளைக்கூட வாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக நிறுத்தி வைத்திருந்த வேனுக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அவளைப் பார்க்கப் போக எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே, படிகள் ஏறிப் போக வேண்டிய டீச்சர் குவார்ட்டர்ஸ். அம்மாவையும் கூட வைத்திருந்தாள். அம்மா என்னை அடையாளம் காணவில்லை. "தபாலா?" என்று கேட்டார். மறதி வந்துவிட்டது என்று அவள் சொன்னாள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. அந்த வெறுமைக்குப் பொருந்தாமல் ஒரு புது ஃப்ரிட்ஜ். திறந்து காட்டினாள். உள்ளே சோறு இல்லை, கறி இல்லை. இன்சுலின் குப்பிகள் மட்டும் ஒரு தட்டில் வரிசையாக இருந்தன.

"லயத்துல ஃப்ரிட்ஜுக்கு எங்க போவாங்க? அதான் இங்க வச்சிருக்கேன். காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ அந்தப் புள்ள வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போகும்."

பிள்ளையின் வீடு பக்கத்து லயத்தில்தான் என்றாள். லீவு நாளில்கூட அவள் எங்கேயும் போவதில்லை. கண்டியில் ஒரு கல்யாணம், ஆசிரியர் பயிற்சி, நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை ஏறுகிற சீசன், எதற்கும் இல்லை. ஆறு மணிக்குக் கதவு திறக்க ஆள் வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்தேன். கடைசியில் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"ஒரு உயிரக் காப்பாத்திட்ட. அது பெரிய விசயம்."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. அந்தப் புள்ளையோட அம்மா கால்ல விழுந்தாங்க." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "ஆனா அது வந்து கதவத் தட்டுறப்பல்லாம் எனக்குக் கோவந்தான் வருது. தெனமும் ரெண்டு தடவ. அது நல்ல புள்ள. நல்லா படிக்குது. ஊசி போடுறப்ப நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். மூஞ்சியக் காட்டிறக் கூடாதுல்ல."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு சின்ன வாசத்தை நான் முகர்ந்துவிட்டுச் சிரித்ததற்கா?

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"ஒங்களுக்குக் கடைசி பஸ் இருக்கு. கீழ வரைக்கும் வந்து ஏத்திவிட முடியாதுங்க. அது வர்ற நேரம்."

படியில் பாதி இறங்கியபோது அந்தப் பிள்ளை எதிரே ஏறி வந்தது. கன்னம் உப்பி, தலையில் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, ஆளே மாறியிருந்தது. என்னை யாரென்று தெரியாமல் ஒதுங்கி வழிவிட்டது.

"டீச்சர் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன்.

கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. நான் இன்னும் இரண்டு படி இறங்கியிருப்பேன். மேலே அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது.

"மாலா, வந்துட்டியா? கையக் கால கழுவிட்டு உள்ள வா."

"வந்துட்டேம்மா" என்றது அந்தப் பிள்ளை. பழகிப்போன குரல்.

நின்றேன். அவள் ஏதாவது சொல்வாள், திருத்துவாள், அதட்டுவாள் என்று காத்திருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.